ஒரு கிட்டாரில் நான் கண்ட குறைகள்

செப்டம்பர் 1, ஞாயிறு

இந்த டைரி, பேரிங் சப்ளை செய்யும் ஒருவர் ஜனவரியில் எனக்குக் கொடுத்தது. இதன் கனம் பதினெட்டு மில்லிமீட்டர். எங்கள் மர பீரோவின் பின்கால் ஒன்றும் சரியாகப் பதினெட்டு மில்லிமீட்டர் குட்டை. ஆகவே எட்டு மாதமாக இது பீரோவுக்கு அடியில் இருந்தது. இன்று காலை சுலோச்சனா குனிந்து இதை உருவியெடுத்து, முந்தானையால் தூசி தட்டி, என் மடியில் போட்டாள். பீரோ ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. கட்டிய மனைவிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

"ஏனுங்க, இனி என்ன குறை கண்ணுல பட்டாலும் இதுல எழுதுங்க. வாயால சொல்லப்படாது."

"நான் எங்க குறை சொல்றேன்? உள்ளதைச் சொல்றேன்."

"அதையும் எழுதுங்க."

இவ்வளவுக்கும் காரணம் இட்லி. எட்டு இட்லியில் இரண்டு ஒரு பக்கம் சரிந்திருந்தன. பாத்திரத்துக்குள் தட்டு சமமாக உட்காரவில்லை என்பதற்கு அது அடையாளம். சொன்னேன். ரிட்டயர் ஆன பிறகு இட்லியைப் பற்றி நான் பேசியது இது எத்தனையாவது தடவை என்று அவள் ஒரு கணக்குச் சொன்னாள். அந்தக் கணக்கும் தப்பு. அதையும் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

முறையாக ஆரம்பிக்கிறேன். பெயர் நாச்சிமுத்து. கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் முப்பத்தொரு வருஷம் வேலை. கடைசி இன்ஸ்பெக்‌ஷன் மேஜை என்னுடையது. என் கையெழுத்து இல்லாமல் ஒரு பம்பும் கேட்டைத் தாண்டியதில்லை. சரியாக இருந்தால் பச்சை அட்டை, குறை இருந்தால் சிவப்பு அட்டை, நூலில் கோத்துக் கட்டிவிடுவேன். கடைசி நாளில் மாலை, சால்வையோடு மிச்சமிருந்த அட்டைக் கட்டுகளையும் எனக்கே கொடுத்தனுப்பினார்கள். அதில் பச்சைக் கட்டு பிரிக்கப்படாமலே இருந்தது என்று சுலோச்சனா உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பிரித்துத்தான் இருந்தது.

செப்டம்பர் 2, திங்கள்

மிக்ஸி மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது. வாயால் சொல்லவில்லை. சிவப்பு அட்டை மட்டும் கட்டினேன். அட்டை கட்டுவதும் வாயால் சொல்வதும் ஒன்றுதானாம். டிபன் பத்தரைக்கு வந்தது.

செப்டம்பர் 3, செவ்வாய்

பிருந்தா ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது பழைய பெட்ஷீட்டில் எதையோ சுற்றித் தூக்கி வந்தாள். பிருந்தா எங்கள் ஒரே மகள். வயது இருபத்தேழு. பிசியோதெரபிஸ்ட். கை கால் வராதவர்களை நடக்க வைப்பாள். நான் எழுந்து நடந்தால் மட்டும் "எதைப் பாக்கப் போறீங்க?" என்று கேட்பாள்.

பெட்ஷீட்டைப் பிரித்தால் ஒரு கிட்டாரின் உடம்பு. கழுத்து இல்லை, கம்பி இல்லை. எலக்ட்ரிக் கிட்டாராம், உள்ளே கூடு இல்லாமல் முழுக்க மகோகனிக் கட்டை.

"என்ற ஃப்ரெண்டு ஒருத்தர் சி.என்.சி. மெஷின்ல வெட்டுனதுங்கப்பா. கட்டர் ஓடுன கோடெல்லாம் அப்படியே நிக்குது. யாராலயும் சுத்தமா எடுக்க முடியலையாம்."

யாராலயும் என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணாடியைத் தேடினேன். ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து எண்ணினேன். நாற்பத்து மூன்று இடத்தில் கோடுகள். மேல்பக்கத்தில் கட்டர் போய்த் திரும்பிய வரிகள், விளிம்பைச் சுற்றிப் பல்பல்லாகத் தடங்கள், கொம்பு மாதிரி வளைந்திருக்கும் இரண்டு இடங்களிலும் மரத்தின் நார் குறுக்கே அறுபட்டுச் சொரசொரப்பு. ரிட்டயர் ஆன எட்டு மாதத்தில் இவ்வளவு சந்தோஷமான மாலை எனக்கு வாய்த்ததில்லை.

"கிட்டார் யாருக்கும்மா?"

"ஃப்ரெண்டுக்குத்தானுங்க" என்றாள், ஃபேனைப் பார்த்துக்கொண்டே. ஃபேன் றெக்கை ஒன்று லேசாக வளைந்திருக்கிறது. அவளும் கவனித்துவிட்டாள் போலிருக்கிறது.

செப்டம்பர் 4, புதன்

ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் வாங்கினேன். எண்பதாம் நம்பர், நூற்றிருபது, நூற்றெண்பது, இருநூற்றிருபது, முன்னூற்றிருபது. எண்பது முரடு, கோட்டை அழிப்பது அதன் வேலை. அதற்குப் பின் வருவதெல்லாம் முந்தியது போட்ட கீறலை அழிக்கும். ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போகக் கூடாது.

பால்கனியில் முக்காலி போட்டு ஆரம்பித்தேன். விரலால் அழுத்தித் தேய்த்தால் பள்ளம் விழும், ஆகவே ஒரு மரத்துண்டில் தாளைச் சுற்றிக்கொண்டேன். உடம்பு முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிட்டுத் தேய்க்க வேண்டும். கிறுக்கல் போகாத இடம் பள்ளம். மூன்று மணி நேரத்தில் மேல்பக்கம் பாதி.

சுலோச்சனா வந்து எட்டிப் பார்த்தாள். இட்லி நன்றாக இருந்தது என்றேன். உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டாள்.

செப்டம்பர் 5, வியாழன்

கொம்பு வளைவுக்குள் மரத்துண்டு போகாது. உருண்டையான கட்டை வேண்டும். சமையலறையில் சப்பாத்திக் கட்டை இருந்தது. விட்டம் சரியாகப் பொருந்தியது. உப்புத்தாளைப் பசை போட்டு ஒட்டிவிட்டேன்.

சாயங்காலம் குளித்துவிட்டு வந்தால் என் சட்டை மாட்டும் ஆணியில் சிவப்பு அட்டை. சுலோச்சனாவின் கையெழுத்து. "பொருள்: வீட்டுக்காரர். குறை: என்ற சப்பாத்திக் கட்டையை நாசம் பண்ணியது. முடிவு: திருப்பி அனுப்பவும்." யாருக்குத் திருப்பி அனுப்புவது என்று போடவில்லை. படிவத்தை முழுமையாக நிரப்பத் தெரிய வேண்டும்.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை இருபத்தொன்று. எதைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை.

காலையில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் கிட்டார் உடம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை. பச்சை அட்டை கட்டினேன்.

பதினொரு மணிக்கு அந்த ஃப்ரெண்டு வந்தார். பெயர் மாரீஸ்வரன், சிவகாசிப் பக்கம். இங்கே கணபதி ஏரியாவில் ஒரு பட்டறையில், கம்ப்யூட்டர் சொல்படி வெட்டும் சி.என்.சி. மெஷினுக்குப் புரோகிராம் போடுகிறார். முப்பது வயதிருக்கும். எங்கள் வீட்டுக்கு வருவது முதல் தடவை. ஆனாலும் கை கழுவும் இடம் எங்கே என்று கேட்காமலே போய்க் கழுவிவிட்டு வந்தார். கூர்மையான பிள்ளை. "உங்களுக்கு எள்ளுப் பூரணந்தான புடிக்கும்" என்று சுலோச்சனா தட்டில் வைத்தாள். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். அதில் அவள் கெட்டிக்காரி.

பச்சை அட்டையை அவர் பார்த்தார். உடம்பைத் தடவினார். "ரொம்ப அருமையா வந்திருக்கு சார்" என்றார். பிறகு, "ஒரு ஈரத்துணி கிடைக்குமாங்க?" என்றார்.

துணியை எடுத்து வளைவின் மேல் ஒரு இழுப்பு இழுத்தார். அவ்வளவுதான். ஈரம் பட்ட இடத்தில், ஒன்றன்பின் ஒன்றாக, பதினாறு கோடுகள் எழுந்து நின்றன.

அவர் துணியை மடித்துக்கொண்டு நின்றார். பிருந்தா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சுலோச்சனா சிரிப்பை அடக்க சமையலறைக்குள் போய்விட்டாள்.

"காஞ்சா மறைஞ்சுரும் சார். ஆனா பாலீஷ் போட்டா திரும்பி வந்துரும். நார் குறுக்க இருக்க இடம் அப்படித்தான், எல்லாருக்கும் இதான் நடக்கும்."

என் கையாலேயே பச்சை அட்டையை அவிழ்த்தேன்.

போகும்போது ஒன்று சொன்னார். கழுத்து வந்து சொருகும் குழி ஒன்று உடம்பில் இருக்கிறது, தீப்பெட்டி நாலைந்து வைக்கிற அளவில். "அந்தக் குழிக்குள்ள மட்டும் கை வைக்காதீங்க சார். ஸ்க்ரூ போடாமலே கழுத்தைப் பிடிச்சுத் தூக்கினா உடம்பு கூடவே வரணும். அவ்ளோ இறுக்கம். மெஷின் விட்டபடியே இருக்கட்டும். எப்படியும் கழுத்து வந்து மூடிரும், வெளிய தெரியாது."

குழிக்குள் எட்டுக் கோடுகள் இருக்கின்றன, இப்போதுதான் எண்ணினேன். வெளியே தெரியாது என்பது எங்கள் கம்பெனியில் சோம்பேறிகள் பேசும் பேச்சு. விருந்தாளி என்பதால் தலையாட்டினேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மறுபடி எண்பதாம் நம்பரிலிருந்து. தோள்பட்டை வலி. பிருந்தா தைலம் தேய்த்துவிட்டாள். அவள் கை அழுத்தம் இடது பக்கம் கொஞ்சம் குறைவு. சொல்லவில்லை.

மாரீஸ்வரனைப் பார்த்தால் எப்படித் தோன்றுகிறது என்று சுலோச்சனா கேட்டாள். செருப்பை ஜோடியாக, நேராகக் கழற்றிவிடுகிறார் என்றேன். இதுவரை பிருந்தாவுக்கு வந்த பதினோரு வரன்களில் ஒருவரைப் பற்றியும் நான் இவ்வளவு நல்லதாகச் சொன்னதில்லையாம். வரனையும் இவரையும் எதற்கு ஒப்பிடுகிறாள் என்று விளங்கவில்லை. அந்தப் பதினோரு பேரில் ஒருவருக்குப் போட்டோவிலேயே ஒரு தோள் அரை அங்குலம் இறக்கம். நான் என்ன செய்ய முடியும்?

செப்டம்பர் 10, செவ்வாய்

வளைவு முடிந்தது. ஈரத்துணியால் நானே இழுத்துப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை. பச்சை அட்டை கட்டவில்லை, கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 11, புதன்

இன்று தெரிந்தது.

மத்தியானம் பிருந்தாவின் அலமாரிக் கதவு உரசுகிறதே என்று கீலைச் சரிசெய்யப் போனேன். துணிக்கு அடியில் நோட்டு. உள்ளே கிட்டார் பாடங்கள், தேதி போட்டு, இரண்டு வருஷத்துக்கு. கடைசிப் பக்கத்தில் "29 ஞாயிறு, ஆஸ்பத்திரி ஆண்டு விழா, மூன்று பாட்டு" என்று எழுதி வட்டம் போட்டிருந்தாள்.

சுலோச்சனாவிடம் போய் நின்றேன். அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"ஆமாங்க. கிட்டார் அவளுதுதான். ரெண்டு வருசமா கத்துக்கிறா. அன்னைக்கு மேடையில வாசிக்கிறா. எல்லாரும் போறோம்."

"எல்லாரும்னா?"

"நானு, அந்தத் தம்பி, ஆஸ்பத்திரி ஆளுங்க."

"நான்?"

கீரைக் கட்டைக் கீழே வைத்தாள். "உங்களுக்குச் சொல்ல வேண்டாம்னு சத்தியம் வாங்கிட்டா. ஏழாவது படிக்கிறப்ப பாடுனது நெனப்பிருக்குதுங்களா?"

இருக்கிறது. பள்ளிக்கூட ஆண்டு விழா. தனியாக ஒரு பாட்டுப் பாடினாள். திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, "எப்படிங்கப்பா இருந்துச்சு?" என்று கேட்டாள். ஏழு இடத்தில் தப்பு என்றேன். அழைப்பிதழின் பின்னால் குறித்து வைத்திருந்தேன், ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். அதற்கப்புறம் அவள் பாட்டு வகுப்புக்குப் போகவில்லை. படிப்பில் கவனம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அவ கேட்டா, நான் உள்ளதைச் சொன்னேன்."

"அப்ப அவ பன்னெண்டு வயசுப் புள்ளைங்க. அவ கேட்டது தப்பு எத்தனைன்னு இல்லீங்க" என்றாள் சுலோச்சனா.

செப்டம்பர் 12, வியாழன்

எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தவன் மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் எழுந்தேன். முதுகுப் பக்கம், விளிம்பு, எல்லாம் முன்னூற்றிருபது வரை முடித்துவிட்டேன். கண்ணாடி மாதிரி இருக்கிறது. பிறகு குழிக்குள் இருந்த எட்டுக் கோடுகளையும் எடுத்தேன். என் மகளின் கிட்டாரில் உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று இருக்கக் கூடாது. பக்கச் சுவர்களையும் தேய்த்து நேர்த்தியாக்கினேன்.

ஆண்டு விழாவுக்குப் போகாவிட்டால் குடி முழுகிப் போகாது. ஞாயிற்றுக்கிழமை பீரோவைச் சரிசெய்யலாம். அட்டையை மடித்து வைத்தும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

செப்டம்பர் 14, சனி

மாரீஸ்வரன் கழுத்தோடு வந்தார். பிருந்தா சமையலறையில் சுலோச்சனாவோடு இருந்தாள். கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும்.

கழுத்தைக் குழிக்குள் சொருகினார். சத்தமே இல்லாமல் உள்ளே போனது. அவர் நெற்றி சுருங்கியது. கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். கழுத்து வந்தது. உடம்பு வரவில்லை, சோபாவில் விழுந்தது. நல்லவேளை, சோபா.

குழிக்குள் விரலை விட்டு இரண்டு பக்கச் சுவரையும் தடவினார். தடவிவிட்டு என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன். புரட்டாசி பிறக்க மூன்று நாள் இருந்தது.

பிருந்தா சத்தம் கேட்டு வந்தாள். "என்ன ஆச்சு?"

"லூசா இருக்கு" என்றார் மாரீஸ்வரன். "புரோகிராம்ல அளவு தப்பாக் குடுத்துட்டேன். என் தப்பு."

பிருந்தா அவரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். "மூணு தடவை அளந்தேன்னு சொன்ன? பதினஞ்சு நாள்தான் இருக்குது, இப்ப வந்து தப்பாக் குடுத்துட்டேங்கற? உன்னை நம்பி நான் பேர் குடுத்தேன் பாரு!" யாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவாள். இவரை நீ என்கிறாள், அவரும் வாங்கிக்கொள்கிறார். கோபம் வந்தால் மரியாதை போய்விடும் போலிருக்கிறது.

அவர் தலையைக் குனிந்து நின்றார். நான் அங்கேயே இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. வாயால் சொல்லக் கூடாது என்று வீட்டில் விதி இருக்கிறதே.

செப்டம்பர் 15, ஞாயிறு

பிருந்தா சாப்பிடவில்லை. ஆண்டு விழாவில் பேரை எடுத்துவிடச் சொல்லிவிடலாமா என்று போனில் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தாள். இட்லி எல்லாம் ஒரே அளவு.

செப்டம்பர் 16, திங்கள்

முப்பத்தொரு வருஷத்தில் நான் தப்பான அட்டை கட்டியதில்லை. ஒருவன் செய்த குறையை இன்னொருவன் தலையில் எழுதியதும் இல்லை. அந்தப் பையன் தன் அட்டையில் என் குறையை எழுதிக்கொண்டு போயிருக்கிறான்.

செப்டம்பர் 17, செவ்வாய்

சிவப்பு அட்டை எடுத்து எல்லாக் கட்டங்களையும் நிரப்பினேன்.

பொருள்: கிட்டார் உடம்பு. குறை: கழுத்துக் குழி இருபக்கமும் அரை மில்லிமீட்டர் கூடுதல். காரணம்: வேண்டாம் என்று சொன்ன இடத்தில் தேய்த்தது. பொறுப்பு: நாச்சிமுத்து. மாரீஸ்வரன் அளவில் தப்பில்லை, தேய்க்கும் முன் நானே வெர்னியர் அளவுகோலில் பார்த்தேன்.

கிட்டாரில் கட்டி, பிருந்தா ஆஸ்பத்திரியிலிருந்து வருமுன் அவள் கட்டிலில் வைத்தேன். அரை மணி கழித்து அட்டையோடு பால்கனிக்கு வந்தாள்.

"ஏனுங்கப்பா உள்ள போய்த் தேச்சீங்க?"

"உன்றதுன்னு தெரிஞ்சுபோச்சு கண்ணு. எங்கயும் ஒரு கோடு இருக்கப்படாதுன்னு நெனச்சேன்."

அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அம்மா சொல்லிட்டாங்களா?"

"நோட்டைப் பாத்தேன். அன்னைக்கு ஸ்கூட்டர்ல ஏழுன்னு சொன்னேன் பாரு..." அதற்குமேல் போகாமல் பால்கனிக் கம்பியைத் துடைக்க ஆரம்பித்தேன். எட்டு நாள் மரத்தூள் அதில் படிந்திருக்கிறது.

பிருந்தா பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஏழு இல்லீங்கப்பா. ஒம்போது. ரெண்டை நீங்க கவனிக்கவே இல்ல."

சர்வீஸில் இப்படி ஓர் அடி நான் வாங்கியதே இல்லை. எந்த இரண்டு என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்கிறாள்.

பிறகு மாரீஸ்வரனுக்குப் போன் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். அரை மணி நேரம் சிரிப்புச் சத்தம் கேட்டது. திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க இவ்வளவு நேரமா ஆகும்?

செப்டம்பர் 19, வியாழன்

மாரீஸ்வரன் அதே மகோகனியில் அட்டைக் கனத்தில் இரண்டு பட்டைகள் சீவிக்கொண்டு வந்தார். குழியின் இரண்டு சுவர்களிலும் பசை போட்டு ஒட்டி, கிளாம்ப் போட்டு இறுக்கியாயிற்று.

"எதுக்குத் தம்பி உங்க தப்புன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நான் வாங்குன திட்டு சாயங்காலத்துக்குள்ள மறந்துரும் சார். நீங்க வாங்கியிருந்தா ரெண்டு பேருக்கும் மறக்காதுல்ல?"

சுலோச்சனா அவருக்கு மூன்றாவது தோசை போட்டாள். இரண்டோடு நிறுத்தியிருந்தால் நானே ஆட்சேபித்திருப்பேன்.

செப்டம்பர் 21, சனி

கிளாம்ப் பிரித்தோம். ஒட்டிய பட்டையில் ரம்பத்தின் வரிகள் ஏழெட்டு இருக்கின்றன. என் கையில் உப்புத்தாள் இருந்தது. பிருந்தா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிப் பிடி, அசைக்க முடியவில்லை.

"இருந்துட்டுப் போவட்டும்" என்று நானே சொன்னேன். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

மாரீஸ்வரன் கழுத்தை வைத்து உள்ளங்கையால் தட்டினார். கிர்ரென்று இறங்கி உட்கார்ந்தது. கழுத்தைப் பிடித்து என்னையே தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். உடம்பு கூடவே வந்தது. உதறினேன், விழவில்லை. அந்தச் சொரசொரப்புதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. சுலோச்சனா, "பாத்துங்க, எதுலயாச்சும் இடிச்சு வெச்சுறாதீங்க" என்று கத்தும்வரை தூக்கிக்கொண்டே கூடத்தில் நடந்தேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

இரண்டாவது கோட் எண்ணெய் பாலீஷ். வளைவில் ஒரு கோடும் திரும்பி வரவில்லை. மாரீஸ்வரன் ஈரத்துணி கேட்கவில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

கம்பி கட்டியாயிற்று. பிருந்தா தன் அறையைச் சாத்திக்கொண்டு வாசிக்கிறாள். கதவுக்கு வெளியே எனக்கு வேலை ஒன்றும் இல்லை. ஆனாலும் கூடத்து விளக்கு ஸ்விட்சை அரை மணி நேரம் துடைத்தேன்.

கதவு திறந்தது. "ஞாயித்துக்கெழமை சும்மாதான இருப்பீங்க?"

"பீரோ வேலை ஒண்ணு இருக்குது."

"திங்கக்கெழமை பண்ணிக்குங்க. ஆனா பேனா எடுத்துட்டு வரப்படாது."

"சரிம்மா."

"பென்சிலும்தான்."

செப்டம்பர் 29, ஞாயிறு

காலையில் சட்டைப் பையை நானே கவிழ்த்துக் காட்டினேன். பேனா இல்லை, பென்சில் இல்லை. ஒரு பச்சை அட்டை இருந்தது. சுலோச்சனா அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டு வந்து, திரும்பப் பைக்குள் வைத்தாள்.

விழா பதினொரு மணிக்கு, ஆஸ்பத்திரி மாடி ஹாலில். பாதிப்பேர் பிருந்தாவிடம் வைத்தியம் பார்த்தவர்கள், கைத்தடியோடும் வாக்கரோடும் வந்திருந்தார்கள். எனக்கு மூன்றாவது வரிசை. ஒரு பக்கம் சுலோச்சனா, புதுப் புடவையில். மறுபக்கம் மாரீஸ்வரன். அவருடைய அப்பா அம்மா அடுத்த ஞாயிறு சிவகாசியிலிருந்து கிட்டாரைப் பார்க்க வருகிறார்களாம். ஒரு கிட்டாரைப் பார்க்க இவ்வளவு தூரம் ஏன் வருகிறார்கள் என்று கேட்டேன். "வரட்டும்ங்க, நல்ல கிட்டாராச்சே" என்றாள் சுலோச்சனா. நல்ல கிட்டார்தான். வரட்டும் என்றேன். மாரீஸ்வரன், "ரொம்ப நன்றி மாமா" என்றார். இதுவரை சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். திருத்தவில்லை.

பிருந்தா மேடைக்கு வந்தாள். கிட்டாரின் வளைவில் விளக்கு வெளிச்சம் விழுந்து அப்படியே வழுக்கிக்கொண்டு ஓடியது. எங்கும் தடுக்கவில்லை. முதல் கம்பியைத் தொடுமுன் அவள் கூட்டத்தைப் பார்த்தாள். என்னைத் தேடுகிறாள் என்று தெரிந்தது. அந்த ஒரு நொடியில் அவள் முகம் ஏழாவது படிக்கும் முகமாக இருந்தது. நான் இரண்டு கையையும் தூக்கி, வெறும் கை என்று காட்டினேன். அவள் சிரித்துவிட்டு ஆரம்பித்தாள்.

மூன்று பாட்டும் வாசித்தாள். வாக்கர் வைத்திருந்த ஒரு பெரியவர் அதைத் தரையில் தட்டித் தாளம் போட்டார். முடிந்ததும் நான் தட்டிய தட்டில் மாரீஸ்வரன் என் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. அடுத்த ஆள் பேச வந்து நின்றுகொண்டிருந்தாராம்.

சுலோச்சனாவை மாரீஸ்வரன் பைக்கில் கூட்டிப் போனார். பிருந்தா என் ஸ்கூட்டரில் ஏறினாள், கிட்டார் உறையை முதுகில் மாட்டிக்கொண்டு. அவினாசி ரோட்டு சிக்னலில் நின்றபோது முன்னால் சாய்ந்து கேட்டாள்.

"எத்தனைங்கப்பா?"

பின்னாலிருந்து வண்டிகள் ஹாரன் அடித்தன. பச்சை விழுந்துவிட்டிருந்தது.

"எண்ணலை கண்ணு. நல்லா இருந்துச்சு."

அவள் நெற்றியை என் முதுகில் வைத்துக்கொண்டாள். "நானும் எண்ணலைங்கப்பா" என்றாள்.

வீட்டுக்கு வந்து பச்சை அட்டையை எடுத்துப் பார்த்தால் ஏற்கெனவே எழுதியிருந்தது. சுலோச்சனாவின் கையெழுத்து. "பொருள்: வீட்டுக்காரர்." மற்ற கட்டங்களை அவள் நிரப்பவில்லை. இந்த முறை அதைக் குறையாகச் சேர்க்கவில்லை.

மூன்று. இரண்டாவது பாட்டின் நடுவில் ஒன்று, கடைசிப் பாட்டில் அடுத்தடுத்து இரண்டு. இங்கே மட்டும் எழுதுகிறேன்.

பீரோ இன்னும் ஆடுகிறது. அதற்குப் பதினெட்டு மில்லிமீட்டர் கனத்தில் ஏதாவது வேண்டும். மை காய்ந்ததும் இதைப் பழையபடி அதன் காலுக்கடியில் வைத்துவிடுகிறேன்.